132/86, ‘நார்மல்’: மாற்றுத்திறன் வீரர்களைப் பரிசோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஸ்கிரீனிங் முகாமில் இரண்டு ஜூனியர் டாக்டர்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். குறுக்கே பேசக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. வீல்சேர் ரக்பி ஆடும் பையன் ஒருவர் வந்தார். கழுத்தில் சி6 (ஆறாவது கழுத்தெலும்பு) மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவர். பி.பி. 132/86. ஜூனியர் எழுதிக்கொண்டார், பக்கத்தில் ‘நார்மல்’ என்று ஒரு டிக் போட்டார், அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே டிக்கை ஒரு காலத்தில் நானும் போட்டிருக்கிறேன்.

படிவத்தில் கையெழுத்து விட்டுப்போவது, மருந்துப் பட்டியல் கேட்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை திட்டு வாங்கினால் அவை சரியாகிவிடும்.

‘நார்மல்’ பி.பி.

தண்டுவடம் கழுத்து மட்டத்தில் அடிபட்டவருக்கு ஓய்வில் மேல் அழுத்தம், அதாவது பி.பி.யின் முதல் எண், பெரும்பாலும் 90 முதல் 110 வரைதான் இருக்கும். அவருக்கு 132 என்பது நமக்கு 160 வந்த மாதிரி. ஆனால் பாடப்புத்தகத்து 120/80 நம் மண்டையில் ஆணி அடித்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எந்த எண் வந்தாலும் கை தானாக டிக் போட்டுவிடும்.

டி6 (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு) மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் போதும்: நிரம்பிய சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், அழுத்தப்புண், இறுகிய ஸ்ட்ராப். கீழே இருக்கும் நரம்புகள் ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன, பி.பி. ஏறுகிறது. மூளை அதைக் கவனித்துத் தளர்த்தச் சொல்கிறது, அந்த உத்தரவு அடிபட்ட இடத்தைத் தாண்டி இறங்குவதில்லை. இதயத்துடிப்பைக் குறைப்பதோடும், அடிபட்ட இடத்துக்கு மேலே உள்ள ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதோடும் மூளையின் அதிகாரம் முடிந்துவிடும். அதனால்தான் முகம் சிவக்கும், நெற்றி வேர்க்கும், மூக்கு அடைக்கும், தலை விண்விண்ணென்று தெறிக்கும். கீழே கால்களில் மயிர்க்கூச்செறியும். ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று பெயர். கவனிக்காமல் விட்டால் வலிப்பும் வரலாம், மூளையில் ரத்தக்கசிவும் வரலாம்.

இதையெல்லாம் பரீட்சைக்குப் படித்து எழுதி மார்க்கும் வாங்கியவன்தான் நான். ஆனாலும் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், ஒரு போட்டிக்கு முன் 128/84 என்று எழுதி ஒருவரை அனுப்பிவைத்தேன். “லேசா தலைவலி டாக்டர், வெயில்தான்னு நினைக்கிறேன்” என்றார். தண்ணி குடிங்க என்றேன். நிரம்பிக்கொண்டிருந்த சிறுநீர்ப்பைக்கு மேலே இன்னும் அரை லிட்டர்!

முக்கால் மணி நேரம் கழித்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். அவர் முகம் செங்கல் நிறம், புருவத்தில் முத்து முத்தாக வேர்வை. நான் என்ன செய்தேன் தெரியுமா? மயக்கம் வரப்போகிறது என்று நினைத்துக் கீழே படுக்கவைத்தேன். உட்கார்ந்திருந்தால் பி.பி. கொஞ்சமாவது இறங்கும், படுக்கவைத்தால் இன்னும் ஏறும். மேல் அழுத்தம் 190-ஐத் தாண்டியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவருடைய அம்மா வந்தார். “படுக்க வைக்காதீங்க சார், நிமித்துங்க!” என்று என் கையைத் தட்டிவிட்டுத் தூக்கி உட்காரவைத்தார். தொடையைச் சுற்றிக் கட்டியிருந்த ஸ்ட்ராப்பை அவிழ்த்தார். அதன் அடியில், சிறுநீரை வெளியே ஒரு பைக்கு வடிக்கும் கத்தீட்டர் குழாய் நசுங்கிக் கிடந்தது. குழாயை நீவி விட்டதும் பை கடகடவென்று நிரம்பியது. பத்து நிமிடத்தில் பி.பி. 104. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை எந்தப் பரீட்சையிலும் ஃபெயிலானவன்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

அன்றிலிருந்து என் பழக்கம் இது. பி.பி. பட்டையைச் சுற்றுவதற்கு முன்னாலேயே, வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்று அவரிடமே கேட்பேன். பெரும்பாலானவர்களுக்கு அது மனப்பாடம். தெரியாது என்றால், சிறுநீர்ப்பையைக் காலி செய்த பிறகு, அவருடைய வீல்சேரிலேயே உட்காரவைத்து, வெவ்வேறு நாளில் மூன்று முறை எடுத்து அடிப்படை அளவைப் படிவத்தின் தலையிலேயே எழுதிவைப்பேன். அதிலிருந்து 20 ஏறினாலே தேட ஆரம்பிப்பேன். நிமிர்த்தி உட்காரவைப்பது, இறுக்கமானதையெல்லாம் தளர்த்துவது, கத்தீட்டர், மலக்குடல், தோல், கால்விரல், இந்த வரிசையில்தான் தேடல். சில நிமிடங்களுக்கு ஒரு முறை பி.பி. பார்ப்பேன். காரணம் கிடைக்காமல் அழுத்தம் இறங்காமல் நின்றால் உடனே ஆஸ்பத்திரி.

அந்த முகாம் பையனிடம் போய், “தம்பி, வழக்கமா உங்களுக்கு பி.பி. எவ்வளவு இருக்கும்?” என்றேன். “தொண்ணூத்தஞ்சு, நூறு சார்” என்றார். பை சரியாக வடிந்துகொண்டிருந்தது. ஷூவைக் கழற்றினோம். கட்டைவிரல் நகம் சதைக்குள் வளைந்து வளர்ந்து சீழ் கோத்திருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பி.பி. ஏறினால் ஆட்டத்தில் வேகம் கூடும் என்பதால் வேண்டுமென்றே இதைச் செய்துகொள்கிறவர்களும் உண்டு. கத்தீட்டரை மூடிவைப்பார்கள், காலை இறுக்கிக் கட்டுவார்கள். ‘பூஸ்டிங்’ என்பார்கள். சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி இதைத் தடை செய்திருக்கிறது. போட்டிக்கு முன் மேல் அழுத்தம் 160-ஐத் தொட்டு, மறுபடி பார்த்தும் இறங்காவிட்டால் ஆட விடமாட்டார்கள். அதற்காக ஏறிய பி.பி. ஒவ்வொன்றையும் போலீஸ் கண்ணோடு பார்க்காதீர்கள். அடுத்த தடவை தலைவலியை உங்களிடம் சொல்லாமல் மறைத்துவிடுவார்கள்.

‘வலிக்குதா?’ என்று கேட்டு முடித்துக்கொள்வது

உணர்ச்சி இல்லாத இடத்தைப் பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? உட்காரும் எலும்பு, வால் எலும்பு, குதிகால் மூன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும், திரை போட்டுக்கொள்ளுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. தோல் கறுத்தவர்களிடம் சிவப்பு தெரியாது, புறங்கையை வைத்துச் சூட்டையும் தடிப்பையும் பாருங்கள்.

எலும்பும் அப்படியே. பல வருடம் எடை தாங்காத காலில் எலும்பு மெலிந்துவிடும். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது ஏற்படும் ஒரு சின்ன முறுக்கலிலேயே முறியலாம். வலி இருக்காது, வீக்கமும் சூடும்தான் இருக்கும். வழக்கத்தைவிடக் கால் அதிகமாகத் துள்ளி இறுகுகிறது என்று வீரரே சொன்னால், அதுதான் அவருடைய மொழியில் ‘வலிக்குது’.

220-லிருந்து வயதைக் கழிப்பது

அதிகபட்ச இதயத்துடிப்பைக் கணிக்க நாம் வழக்கமாகப் போடும் கணக்கு இது. கழுத்தில் முழுமையாக அடிபட்டவரிடம் வேண்டாம். அவர் உயிரைக் கொடுத்துத் தள்ளினாலும் துடிப்பு 110, 130-ஐத் தாண்டாது.

ஒரு எக்ஸ்ரேயை நம்புவது

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்கு கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். எக்ஸ்ரே சரியாக இருந்தால் ஃபைலை மூடிவிடுகிறார்கள். போன வருடத்து எக்ஸ்ரே இந்த வருடத்துக் கழுத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. நடையில் தடுமாற்றம் வந்ததா, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்கிறதா, நன்றாக இருந்தவருக்குச் சிறுநீர் கட்டுப்படாமல் போகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். இவற்றில் எது புதிதாக வந்திருந்தாலும் குட்டிக்கரணம், டைவிங் எல்லாவற்றையும் அன்றே நிறுத்த வேண்டும். இதயத்தையும் மறக்காதீர்கள். இவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும்.

செயற்கைக் காலோடு பரிசோதிப்பது

கழற்றச் சொல்லுங்கள்.

கையுறை

ஸ்பைனா பைஃபிடா (பிறவியிலேயே முதுகெலும்பு சரியாக மூடாத நிலை) என்றால் லேட்டெக்ஸ், அதாவது கையுறை ரப்பர், அலர்ஜிக்கு வாய்ப்பு அதிகம். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

வகைப்படுத்தலோடு குழப்பிக்கொள்வது

எந்தப் பிரிவில் ஆட வேண்டும் என்று முடிவு செய்வது வேறு ஆட்களின் வேலை. நம் வேலை, ஆடினால் ஆபத்தா என்று பார்ப்பது. இதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடாவிட்டால், பிரிவு மாறிவிடுமோ என்ற பயத்தில் சிலர் இருக்கிற பலத்தைக் காட்டமாட்டார்கள், சிலர் புதிதாக வந்த மரத்துப்போதலைச் சொல்லமாட்டார்கள். தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டி வளர்வதன் முதல் அறிகுறியே அந்த மரத்துப்போதலாக இருக்கலாம்.

கழிப்பறைக் கதவு

இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தருவதில்லை. முகாம் நடக்கும் இடத்தில் கழிப்பறைக்குள் வீல்சேர் நுழையாது என்று தெரிந்தால், வீரர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், வந்த பிறகு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் எடுக்கும் சிறுநீர் மாதிரி கெட்டியாக இருக்கும், பி.பி. ஏறியிருக்கும், இரண்டையும் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். என் பையில் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு அளவு நாடா கிடக்கிறது. முந்தின நாள் மாலையே போய்க் கதவை அளந்துவிட்டு வருவேன்.