கைபேசியில் வங்கிக் கணக்கு: முதலில் உங்கள் சிம் அட்டையைப் பாருங்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து நகரத்து வங்கிக் கிளைக்குப் போய்வர அரை நாள் கழிந்துவிடும் என்பதால், மின் கட்டணம் செலுத்துவது முதல் கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய பணம் வந்துவிட்டதா என்று பார்ப்பது வரை எல்லாவற்றையும் கைபேசியிலேயே முடித்துக்கொள்ளும் வழக்கம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வேரூன்றிவிட்டது. அது நல்ல வசதி. அதைக் கைவிடுமாறு சொல்வது என் நோக்கமன்று. பாதுகாப்பு என்றவுடன் எல்லோரும் கடவுச்சொல்லைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்கு முன்னரே பார்க்க வேண்டியது, வங்கியில் பதிவாகியுள்ள தொலைபேசி இலக்கம் யாருடைய பெயரில் இருக்கிறது, அந்தச் சிம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதாகும்.

பணம் அனுப்பும்போது வரும், ஒருமுறை மட்டுமே செல்லுபடியாகும் ஓ.ரி.பி. என்ற இரகசிய இலக்கம், பணம் எடுக்கப்பட்டதாக வரும் அறிவிப்பு, கடவுச்சொல் மறந்தால் அதை மாற்றுவதற்கான செய்தி ஆகிய மூன்றும் அந்த இலக்கத்துக்கே வருகின்றன. நம் குடும்பங்களிலோ, சவூதிக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போன தாயின் சிம் ஊரில் தம்பியின் கைபேசியில் கிடக்கும். இன்னொருவரின் அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கிய சிம்மைப் பல வருடங்களாகப் பாவிப்பவர்களும் உண்டு. ரீலோட் செய்யாமல் விட்டதனால் துண்டிக்கப்பட்ட இலக்கம் பிற்காலத்தில் முன்பின் அறியாத ஒருவருக்கு விற்கப்படலாம். வங்கிப் பதிவில் அந்தப் பழைய இலக்கமே இருந்தால், உங்கள் கணக்கின் செய்திகள் அவருக்குப் போகும். ஆகவே தேசிய அடையாள அட்டையுடன் உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்குச் சென்று சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதன்பின் வங்கிக்குச் சென்று, பதிவிலுள்ள இலக்கம் சரியானதா என்பதையும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் குறுஞ்செய்தி வருகிறதா என்பதையும் உறுதிப்படுத்துங்கள். வெளிநாடு செல்பவர்கள் எந்த இலக்கத்தைப் பதிவில் வைத்திருப்பது என்பதைப் புறப்படுவதற்கு முன்னரே வங்கியில் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

கைபேசி திருடப்பட்டால், திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு கைபேசியில் போட்டு ஓ.ரி.பி. இலக்கங்களைப் பெற்றுவிட முடியும். இதைத் தடுக்க சிம்முக்கே ஒரு பின் (PIN) இலக்கம், அதாவது திறப்பதற்கான இரகசிய இலக்கம் வைக்கலாம். கைபேசியின் பாதுகாப்பு அமைப்புகளில் அந்த வசதி உண்டு. மூன்று முறை தவறாக அழுத்தினால் சிம் பூட்டிக்கொள்ளும் என்பதால், முதலில் கொடுக்க வேண்டிய இலக்கம் எதுவென நிறுவனத்திடம் கேட்டறிந்த பின்னரே இதைச் செய்யுங்கள். இன்னொரு மோசடி, உங்கள் பெயரில் வேறொருவர் மாற்றுச் சிம் பெற்றுக்கொள்வது. அப்போது உங்கள் கைபேசியில் சிக்னல் திடீரென இல்லாமற் போகும். மழைக்கும் காற்றுக்கும் கோபுரங்கள் செயலிழப்பது நம் பக்கத்தில் வழமைதான். ஆனால் அயலில் அதே நிறுவனத்தின் சிம் வேலை செய்ய, உங்களுடையது மட்டும் வேலை செய்யவில்லை என்றால், காத்திருக்காமல் வேறொரு தொலைபேசியிலிருந்து நிறுவனத்துக்கும் வங்கிக்கும் அழைத்துப் பேசுங்கள்.

ஓ.ரி.பி. செய்தியை எப்படி வாசிப்பது என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஆறுதலாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தச் செய்தியில் ஆறு இலக்கங்கள் மட்டும் இருப்பதில்லை. எவ்வளவு ரூபாய், எதற்காக, எந்தக் கடைக்கு அல்லது எந்தக் கணக்குக்கு என்ற விபரமும் பெரும்பாலும் அதே வரியில் இருக்கும். கண் இலக்கத்தை மட்டும் தேடி ஓடுவதாலேயே மோசம் நிகழ்கிறது. “உங்களுக்கு 10,000 ரூபாய் நிவாரணம் வருகிறது, வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் அம்மா” என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கும்போது, செய்தியிலோ 48,500 ரூபாய் கணக்கிலிருந்து வெளியே போவதற்கான அனுமதி என்று எழுதியிருக்கும். செய்தி ஆங்கிலத்தில் வருவதால் பலருக்கு அது புரிவதில்லை. தமிழைத் தெரிவுசெய்ய இடமளிக்கும் வங்கிச் செயலியாக இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரேயொரு விதி போதும்: பணம் பெறுவதற்கு ஓ.ரி.பி. தேவையில்லை, பின் இலக்கமும் தேவையில்லை, அட்டையின் பின்பக்கத்திலுள்ள மூன்று இலக்கங்களும் தேவையில்லை. கணக்கு இலக்கமும் வங்கியின் பெயரும் கிளையும் உங்கள் பெயரும் இருந்தாலே பணம் வந்துசேரும். வங்கி ஊழியர் எவரும், முகாமையாளரே ஆனாலும், ஓ.ரி.பி. கேட்கமாட்டார்.

மோசடிக்காரர்கள் கதையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தபாலில் வந்த பொதி தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, சிறு தொகை கட்டுங்கள் என்று ஓர் இணைப்புடன் வரும் குறுஞ்செய்தி, அதிர்ஷ்டப் பரிசு, அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, வீட்டிலிருந்தபடியே காணொளிகளுக்கு விருப்பம் தெரிவித்துச் சம்பாதிக்கலாம் என்று டெலிகிராமில் வரும் வேலை, வட்ஸ்அப்பில் நண்பரின் படத்துடன் “அவசரம், ஒரு இருபதாயிரம் போட்டுவிடு, நாளைக்குத் தருகிறேன்” என்று வரும் செய்தி. கடைசியாகச் சொன்னது வந்தால் அந்த நண்பரை வழக்கமான அழைப்பில் கூப்பிட்டுக் குரலைக் கேட்டுவிட்டே பணம் அனுப்புங்கள். அவருடைய வட்ஸ்அப் கணக்கு பறிபோயிருக்கக்கூடும். உங்கள் வட்ஸ்அப்பிலும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள். செய்தியின் மேல் வங்கியின் பெயர் இருப்பதையோ இணைய முகவரியில் பூட்டுச் சின்னம் இருப்பதையோ நம்பிவிட வேண்டாம். இரண்டையும் போலியான தளத்தினரும் காட்ட முடியும். வங்கிக்குப் போக எப்போதும் செயலியைத் திறந்தே போங்கள், செய்தியில் வந்த இணைப்பின் வழியாகப் போகாதீர்கள்.

செயலியை அண்ட்ரொய்ட் கைபேசியானால் பிளே ஸ்டோரிலிருந்தும் ஐபோனானால் ஆப் ஸ்டோரிலிருந்தும் மட்டுமே இறக்கிக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் கோப்பாக வரும் செயலியை, தெரிந்தவர் அனுப்பியிருந்தாலும், நிறுவாதீர்கள். அத்தகைய செயலிகள் குறுஞ்செய்திகளை வாசிக்கவும், திரையில் நடப்பதைப் பார்க்கவும், உங்களுக்குப் பதிலாகத் தொடவும் அனுமதி கேட்கும், கொடுத்துவிட்டால் ஓ.ரி.பி.யை நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமற் போய்விடும். எனிடெஸ்க் போன்ற, திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் செயலியை நிறுவுமாறு ஒருவர் தொலைபேசியில் சொன்னால், அந்த அழைப்பை அங்கேயே துண்டித்துவிடுங்கள்.

நம் ஊர்களில் வங்கிச் செயலியை நிறுவித் தருபவர் பெரும்பாலும் ரீலோட் கடைத் தம்பிதான். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும் கடவுச்சொல்லை அவர் தெரிவுசெய்து கொப்பியில் எழுதித் தருவது கூடாது. நிறுவுவது வரை உதவி பெறுங்கள், கடவுச்சொல்லை நீங்களே அழுத்துங்கள். பிறந்த ஆண்டு, அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எண்கள் ஆகியவற்றைத் தவிருங்கள். கைபேசியைத் திருத்தக் கொடுப்பதற்கு முன் செயலியை அகற்றிவிட்டு, சிம்மையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

2015 முதல் இயங்கும் செஃப்ட்ஸ் முறையினால் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் சில நொடிகளில் போய்விடுகிறது. தவறாக அனுப்பிய பணமும் அதே வேகத்தில்தான் போகும். புதிய கணக்குக்கு முதன்முறை அனுப்பும்போது 100 ரூபாய் அனுப்பி, பெற்றவர் உறுதிப்படுத்திய பின் மீதியை அனுப்புங்கள். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கடை வைத்திருப்பவர்கள், வாடிக்கையாளர் காட்டும் கைபேசித் திரையின் படத்தை நம்பிச் சாமானைக் கொடுக்காமல், தம் கணக்கில் பணம் விழுந்ததைத் தாமே பார்க்க வேண்டும். பணம் பெறுவதற்கான லங்கா கியூஆர் குறியீட்டைக் கடையில் ஒட்டியிருப்பவர்கள், அதன் மேல் வேறொன்று ஒட்டப்படவில்லையா என்று காலையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

வேளாண்மை வெட்டி நெல் விற்ற காசு மொத்தமாகக் கணக்கில் கிடக்கும் மாதங்களில் ஓர் ஏற்பாடு மிகவும் உதவும். அந்தப் பெருந்தொகையைச் செயலியுடன் இணைக்கப்படாத தனிக் கணக்கில் வைத்துவிட்டு, அன்றாடச் செலவுக்கு வேண்டியதை மட்டும் கைபேசியில் தெரியும் கணக்கில் விடுங்கள். ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையின் உச்ச வரம்பையும் குறைத்து வையுங்கள். எல்லாத் தடைகளையும் தாண்டி ஒருவர் நுழைந்தாலும் இழப்பு சிறிதாகவே இருக்கும்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். “உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, தரகு தருகிறோம்” என்று கேட்பவர்களுக்குக் கணக்கையோ ஏ.ரி.எம். அட்டையையோ கொடுக்காதீர்கள். அந்தப் பணம் பெரும்பாலும் இன்னொரு தாயிடம் ஏமாற்றிப் பறித்ததாகவே இருக்கும்; விசாரணை வரும்போது பொலிசார் முதலில் தேடுவது கணக்கின் சொந்தக்காரரையே. குற்றத்தில் வந்த பணத்தைக் கைமாற்றி மறைப்பதைக் குற்றமாக்கும் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் நாட்டில் நடைமுறையில் உள்ளது.

பணம் போய்விட்டதென்று தெரிந்தால், வெட்கத்தில் மறைக்காமல் உடனே வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்து, செயலியையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் பெற்றவர் அதை ஏ.ரி.எம். இயந்திரத்தில் எடுப்பதற்கு முன்னர் அந்தக் கணக்கை நிறுத்த முடிந்தால் மீட்கும் வாய்ப்பு கூடும். ஆகையால் கிளை திறக்கும் நேரம் வரை காத்திருக்கக் கூடாது. வங்கியின் அந்த இலக்கத்தைக் கைபேசியில் மட்டுமன்றி, வீட்டுச் சுவர் நாட்காட்டியிலும் எழுதி வையுங்கள், ஏனெனில் தொலைந்தது கைபேசியாகவே இருக்கலாம். அழைத்த நேரத்தையும் அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்திகளை அழிக்காமல் படம்பிடித்து வைத்து, அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யுங்கள். இணையவழி மோசடி பற்றிய ஆலோசனைக்கு இலங்கை கணினி அவசரப் பதிலளிப்பு அணியின் 101 இலக்கம் இருக்கிறது. வங்கிக்கு எழுத்தில் கொடுத்த முறைப்பாட்டுக்கு உரிய பதில் கிடைக்காவிட்டால், மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புத் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள் என்று அதன்பின் யாராவது தொடர்புகொண்டால், அவர்களும் மோசடிக்காரர்களே. அந்த அழைப்பு வந்த இலக்கத்தையும் உங்கள் பொலிஸ் முறைப்பாட்டில் சேர்த்துவிடுங்கள்.