கோழிச் சண்டையை நாமே மூட்டிவிடும் தவறுகள்

சந்தையிலிருந்து ஒற்றை விடைக்கோழியை வாங்கிவந்து, கால்கட்டை அவிழ்த்து, பழைய கோழிகளுக்கு நடுவே விடுவது. வீட்டில் ஐந்தாறு கோழி வளர்ப்பவர்கள் செய்கிற தவறுகளில் இதுதான் பெரிது. சற்று நேரத்தில் மொத்தக் கூட்டமும் அதன் தலையைக் குறிவைக்கும்.

கோழிகளுக்குள் யார் பெரியவள், யார் சின்னவள் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துவந்து, 1920களின் தொடக்கத்தில் இதை ஆய்வாக எழுதினார். மேலே இருப்பது கொத்தும். கீழே இருப்பது திருப்பிக் கொத்தாமல் ஒதுங்கும். அது எப்போதும் ஏணிப்படிபோல நேராக இருப்பதில்லை. கறுப்பு சிவப்பை விரட்டும், சிவப்பு புள்ளிக்கோழியை விரட்டும், புள்ளி போய்க் கறுப்பை விரட்டும். இப்படியும் அவர் கண்டார். வரிசை முடிவாகிவிட்டால் பெரிய சண்டை ஓயும், ஒரு முறைப்பே போதும். புதியவளுக்கு அதில் இடமே கிடையாது. ஒவ்வொருத்தியோடும் தனித்தனியாக மோதித்தான் பெற வேண்டும்.

ஆகவே இரண்டு மூன்றாக, பழைய கோழிகளின் அளவுக்கே வளர்ந்ததாக வாங்குங்கள். முதலில் சில வாரங்கள் தள்ளி வையுங்கள் (புதியவை வெள்ளைக்கழிச்சல் நோயைக் கொண்டுவந்தால் எல்லாமே போய்விடும்). பிறகு சில நாட்கள் கம்பிவலைக்கு அப்பால் விட்டு ஒன்றையொன்று பார்க்க விடுங்கள். வலை இல்லையா, பகலில் கொஞ்ச நேரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து முற்றத்தில் வைத்தாலும் முகம் பழகும்.

அடுத்தது, ஒரே தட்டில் தீனி. கோழிகள் சேர்ந்து தின்னவே விரும்பும். வயிறு நிறைந்த கோழிகூட இன்னொன்று கொத்துவதைக் கண்டால் மறுபடி வந்து கொத்தும். அந்த நெரிசலில் கடைசிக் கோழிக்கு வாய்ப்பே வராது. அது இளைப்பதைப் பார்த்துக் குடற்புழு மருந்து வாங்க ஓடுகிறோம்! பண்ணைகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு விதி, நீளத் தொட்டியில் கோழிக்கு 10 செ.மீ. இடம் கேட்கிறது. வீட்டில் அளவுகோல் தேவையில்லை. இரண்டு தட்டுகளை, ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி சுவரின் இருபுறமும் வைத்தால் போதும். தண்ணீருக்கும் அப்படியே.

எல்லாக் கொத்தையும் அதிகாரச் சண்டை என்று நினைப்பது இன்னொரு தவறு. அதிகாரக் கொத்து தலையிலும் கொண்டையிலும் விழும். முதுகிலும் வால் அடியிலும் இறகு பிடுங்கப்பட்டிருந்தால் அது வேறு கதை: கிளற மண் இல்லை, புரதம் போதவில்லை, அல்லது இடம் நெருக்கடி. குப்பைமேட்டில் மேயவிட்டாலே பெரும்பாலும் குறைந்துவிடும்.

ரத்தம் கசிந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். சிவப்பைக் கண்டு மற்றவையும் வந்து கொத்தும். காயம்பட்டதை உடனே பிரித்துவிடுங்கள். ஆனால் கூட்டத்தின் கண்ணுக்கே படாமல் அடைத்துவைக்க வேண்டாம். தனிமையில் அது கத்திக்கொண்டே கிடக்கும், தீனியும் சரியாக எடுக்காது. சில வாரம் கழித்துத் திரும்பினால் பழைய தோழிகளுக்கே அது அந்நியம், சண்டை முதலிலிருந்து தொடங்கும். வலைக்கு அந்தப் பக்கம், சாதுவான ஒரு துணையோடு வைத்து ஆற்றுங்கள்.