ஃபிரிட்ஜில் வாடை: எலுமிச்சையை எடுப்பதற்கு முன்பு தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிரிட்ஜைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடிக்கும் வாடைக்கு எங்கள் கடலூர்ப் பக்கத்து வீடுகளில் முதலில் கைகொடுப்பது பாதி எலுமிச்சம்பழம். ஒரு கிண்ணத்தில் வைத்துக் கதவை மூடிவிடுகிறோம். ஓரிரு நாள் குறைந்ததுபோல் தெரியும். பிறகு பழைய வாடை திரும்பிவிடும், காய்ந்துபோன எலுமிச்சையின் வாடையும் அதோடு சேர்ந்துகொள்ளும். வாடை என்றால் அது கிளம்பும் இடம் ஒன்று உள்ளே இருக்கிறது. அந்த இடத்தைத் தேடாமல் மேலே எதையாவது வைத்து மூடப் பார்ப்பதுதான் தாய்த்தவறு. மற்றவை எல்லாம் அதன் பிள்ளைகள்.

கடலோரத்தில் இருப்பதால் நம் வீட்டு ஃபிரிட்ஜின் கதை மீனில்தான் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை முதுநகர் துறைமுகத்திலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ சங்கராவும் கானாங்கெளுத்தியும் வாங்கி, அங்கேயே வெட்டித் தரச் சொல்லி, பாலிதீன் பையில் கட்டி எடுத்து வருகிறோம். பாதியைக் குழம்பு வைத்துவிட்டு மீதியை அதே பையோடு ஃபிரீசரில் தள்ளிவிடுகிறோம். பிழை இங்கேதான். மீன் முள் குத்திய பையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும். அதன் வழியாக ரத்தம் கலந்த நீர் கசிந்து ஃபிரீசரின் தரையில் உறைந்து கிடக்கும். உறைந்திருக்கும்வரை பெரிதாக வாடை வராது. ஒருமுறை மின்சாரம் நின்று பனி இளகினால் போதும், அந்த நீர் கீழே இறங்கி வழியில் இருக்கும் எல்லா இடுக்கிலும் புகுந்துவிடும். மீனை வீட்டிலும் ஒருமுறை அலசி, நீரை நன்றாக வடித்து, மூடி இறுக்கமாகப் பொருந்தும் எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராமலே போகும்.

இரட்டைக் கதவு வைத்த, பனி கட்டாத வகை ஃபிரிட்ஜ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த வகையில் பெரும்பாலானவற்றில் ஒரே விசிறிதான் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் குளிர்காற்றைச் சுற்றிவிடுகிறது. மேலே திறந்து வைத்த இறாலின் கவிச்சி கீழே இருக்கும் தயிருக்கும் போகும், ஐஸ்கட்டிக்கும் போகும். வெண்ணெய், பால், பாலாடை போன்ற கொழுப்புள்ள பொருள்கள் வாடையை வேகமாகப் பிடித்துக்கொள்ளும். காலைக் காப்பியில் மீன் வாடை அடிக்கிறதென்று பால்காரரைக் குறை சொல்வதற்கு முன்பு ஃபிரீசரைப் பார்த்துவிடுங்கள்.

சோடா எல்லா வாடைக்கும் ஆகாது

சமையல் சோடாவை ஒரு கிண்ணத்தில் வைத்தால் எந்த வாடையும் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். முதுநகரில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா, "சோடா வைத்தேன், எலுமிச்சை வைத்தேன், இந்தக் கவிச்சி மட்டும் போகவே மாட்டேன் என்கிறது தம்பி" என்று அலுத்துக்கொண்டார். அவர் சொன்னதில் வியப்பில்லை. கடல்மீனின் சதையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் இறந்த பிறகு பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து டிரைமெத்திலமைன் ஆக மாற்றுகின்றன. நாம் கவிச்சி என்று சொல்வது முக்கியமாக இதைத்தான். இது காரத்தன்மை கொண்டது (மிளகாயின் காரம் அல்ல, புளிப்புக்கு, அதாவது அமிலத்துக்கு, எதிரான தன்மை). சமையல் சோடாவும் காரம்தான். காரத்தைக் காரம் அடக்காது. புளிப்புத்தான் அடக்கும். புளிப்பு பட்டதும் டிரைமெத்திலமைன் உப்பாக மாறிவிடும், ஆவியாகி மூக்குக்கு வராது. மீன் குழம்புக்குப் புளி கரைப்பதிலும் வறுத்த மீன்மேல் எலுமிச்சை பிழிவதிலும் நம் சமையல் நெடுங்காலமாகச் செய்துவருவது இதைத்தான்.

ஆகவே மீன் நீர் கசிந்த இடத்தை முதலில் சோப்பு நீரால் துடைத்து, பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்க வேண்டும். கிண்ணத்தில் வைத்த எலுமிச்சைக்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. கறை படிந்த இடத்தையே புளிப்பு தொட வேண்டும். பால் சிந்திப் புளித்த இடம், இட்லி மாவு வடிந்த தட்டு ஆகியவற்றுக்குச் சோடா சரியான ஆள், ஏனென்றால் அந்த வாடைகள் அமிலத்தால் வருபவை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சோடா கரைத்தால் போதும்.

இரண்டும் நல்லதுதானே என்று சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர்.

இதைவிட ஆபத்தான கலவை ஒன்று இருக்கிறது. பிளீச்சிங் கரைசலோடு வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சிறிய சமையலறையில் ஃபிரிட்ஜுக்குள் தலையை நுழைத்துத் துடைத்துக்கொண்டிருப்பவருக்கு அது மூச்சைத் திணறடிக்கும். பிளீச்சிங் பயன்படுத்தினால் அதை மட்டும் பயன்படுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்து எடுங்கள்.

பாச்சை உருண்டையும் சூடமும் ஃபிரிட்ஜுக்குள் போகவே கூடாது. அலமாரிக்கு வாங்கியதில் ஒன்றிரண்டை ஃபிரிட்ஜின் மூலையில் போடும் வழக்கத்தைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது. பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் நஞ்சு. அது தானாக ஆவியாகி, திறந்திருக்கும் உணவில் படியும். சூடத்தைக் குழந்தை எடுத்து விழுங்கிவிட்டால் வலிப்பு வரலாம். ஃபினாயிலும் அப்படித்தான், தரைக்கு உரியது தரையோடு இருக்கட்டும்.

வாடை ஒளிந்திருக்கும் இடங்கள்

தட்டுகளை எல்லாம் கழுவிவிட்டேன், இன்னும் வாடை அடிக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலாவது, கதவின் ஓரத்தில் ஓடும் ரப்பர். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். விரலால் அந்த மடிப்பை மெதுவாக விரித்துப் பாருங்கள். உள்ளே கரும்புள்ளிகளாகப் பூசணம், கொத்தமல்லித் துணுக்கு, காய்ந்த குழம்பு, சில வீடுகளில் கரப்பான் பூச்சியின் எச்சம். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் பூசணம் வேகமாக வளரும். பழைய பல் துலக்கும் பிரஷில் சோப்பு நீர் தொட்டு மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ரப்பர் தளர்ந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கதவில் ரூபாய் நோட்டு ஒன்றை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, உட்புறம் பின்சுவரின் அடியில் இருக்கும் சின்னத் துளை. பின்சுவரில் வேர்க்கும் நீர் ஒரு சிறு வாய்க்காலில் வழிந்து இந்தத் துளை வழியாக வெளியேறுகிறது. பச்சை மிளகாய்க் காம்பும் கீரைத் துணுக்கும் விழுந்து அது அடைத்துக்கொண்டால், காய்கறித் தட்டுக்கு அடியில் நீர் தேங்கி அழுகல் வாடை கிளம்பும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் அடைப்பை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சோடா நீரை ஒரு சிரிஞ்சில் எடுத்து மெதுவாக விட்டால் வழி திறக்கும். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது, உள்ளே இருக்கும் குழாய் கிழிந்துவிடும்.

மூன்றாவதைத்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மறக்கிறார்கள். அந்தத் துளையில் இறங்கும் நீர் போய்ச் சேர்வது ஃபிரிட்ஜின் பின்னால், கம்ப்ரெசருக்கு மேலே இருக்கும் தட்டில். கம்ப்ரெசரின் சூட்டில் நீர் ஆவியாகிவிடும், ஆனால் அதில் கலந்து வந்த மீன் ரத்தமும் பாலும் ஆவியாகாது. அங்கேயே வழுவழுவென்று படிந்து நாறும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் சமையலறையில் வாடை நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதோடு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இந்தத் தட்டில் தேங்கும் நீரிலும் முட்டையிடும். மழைக்காலத்தில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்வது அதனால்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரெசர் ஆறியதும் தட்டைச் சுத்தம் செய்யுங்கள். கழற்ற முடியாத மாடல் என்றால் நீரைப் பஞ்சால் உறிஞ்சி எடுக்கலாம், அல்லது மெக்கானிக் வரும்போது சொல்லிச் செய்துகொள்ளலாம்.

ஃபிரீசரில் கட்டிய பனியைக் கத்தியால் குத்திப் பெயர்க்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் அந்தச் சுவருக்குள்தான் குளிர்வாயு ஓடும் குழாய் இருக்கிறது. இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ என்ற குளிர்வாயு தீப்பற்றக்கூடியது. கண்ணாடித் தட்டைக் குளிர்ச்சியோடு எடுத்துக் கொதிநீரில் போட்டால் விரிசல் விடும்.

பலாவும் கருவாடும்

பண்ருட்டிப் பலா வரும் நாட்களில் சுளைகளைத் தட்டில் பரப்பி அப்படியே உள்ளே வைக்கிறோம். மறுநாள் தயிர் பலாவாக மணக்கும். சுளையை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், அவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்துக்கு என்று நெத்திலிக் கருவாடு சேர்த்து வைப்பவர்கள், அதைச் செய்தித்தாளில் சுற்றி வைத்தால் வாடை அடங்காது. அச்சு மையும் உணவில் ஒட்டும். திருகுமூடி போட்ட கண்ணாடி பாட்டில்தான் கருவாட்டுக்கு ஏற்றது.

சூடான சாம்பாரை அப்படியே வைப்பது ஒரு தவறு, அதன் ஆவி உள்ளே முழுதும் ஈரமாகப் படியும். ஆறட்டும் என்று இரவு முழுதும் வெளியே விடுவது அதைவிடப் பெரிய தவறு. அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள், கோடை வெயில் என்றால் ஒரு மணி நேரத்துக்குள், உள்ளே வைத்துவிடுங்கள். உள்ளே 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, பெருகும் வேகத்தைத்தான் குறைக்கிறது.

வாடை இல்லை என்பதால் உணவு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யவும் கூடாது. நோய் தரும் கிருமிகள் பல, எந்த வாடையும் காட்டாமலே பெருகும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிர் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற விளைவைத் தரும் பொருள் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிக்கும்.

புயல் நாட்கள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. இப்படிப்பட்ட நாட்களில் நாம் செய்யும் தவறு, என்ன ஆயிற்றோ என்று ஃபிரிட்ஜை அடிக்கடி திறந்து பார்ப்பது. திறக்காமல் விட்டால் கீழ் அறை ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும். நிறைய அடுக்கிய தனி ஃபிரீசர் 48 மணி நேரம்வரை தாங்கும், ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சிறிய உறைஅறை அவ்வளவு தாங்காது. புயல் எச்சரிக்கை வந்ததுமே மீனையும் கறியையும் சமைத்து முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். மின்சாரம் திரும்பியதும் இளகிய மீன் மறுபடி உறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அதைக் கொட்டிவிடுங்கள். வெள்ள நீரில் நின்ற ஃபிரிட்ஜை மெக்கானிக் பார்க்காமல் பிளக்கில் சொருகவே கூடாது.

அழுகிய நீர் பல நாள் தேங்கி நின்றிருந்தால், அது சுவருக்குள் இருக்கும் வெப்பத்தடுப்பு நுரையில் ஊறியிருக்கலாம். எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, கதவைத் திறந்தபடி சில நாள் காற்றாட விட்டு, செயல்தூண்டிய கரி (ஆக்டிவேட்டட் சார்கோல்) பொட்டலங்களை வைத்துப் பாருங்கள். அடுப்புக் கரியும் கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் இதன் திறன் அதற்கு இல்லை. அதன் பிறகும் அதே நாற்றம் அடித்தால் அந்த நுரையை எடுத்துக் கழுவ வழியில்லை. அந்த ஃபிரிட்ஜை விட்டுவிடுவதே நல்லது. எரிந்த பிளாஸ்டிக் வாடை என்றால் அது உணவின் வாடையே அல்ல, உடனே சுவிட்சை அணைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுக் கதவை இறுக்கி மூடிப் போகிறார்கள். திரும்பி வரும்போது உள்ளே முழுதும் பூசணம் பூத்திருக்கும். அணைப்பதென்றால் காலி செய்து, துடைத்து, முழுதும் உலர்ந்த பிறகு, ஒரு துணியை மடித்துக் கதவிடுக்கில் வைத்து இரண்டு விரல் அளவு திறந்தபடி விட்டுப் போங்கள்.