கைவிடப்பட்ட மாடைத் திருத்தி வெளியிடும் முன்: அனுமதி பார்ப்பது எப்படி?

கேம் புதிய பதிப்புக்குப் போய்விட்டது, பழைய மாட் (கேமில் ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றம்) அதில் ஓடவில்லை, அதை உருவாக்கியவர் வருடக்கணக்கில் எட்டிப் பார்க்கவில்லை. நான்கு வரி நிரலை (கோட்) மாற்றினால் மீண்டும் ஓடும். உங்கள் கணினியில் மாற்றி நீங்களே விளையாடுவதை யாரும் கேட்கப் போவதில்லை. அதையே பிறருக்கு ஏற்றிக் கொடுக்கும்போதுதான் அனுமதி என்ற பேச்சு வருகிறது.

ஒருவர் மாடைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்பதால் அவருடைய உரிமை போய்விடாது. பெர்ன் என்ற பன்னாட்டு உடன்படிக்கைப்படி பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை. உருவாக்கிய கணத்திலேயே வந்துவிடுகிறது. பொதுவாக உருவாக்கியவரின் ஆயுளுக்குப் பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள் நிற்கும். ஆகவே ‘ரொம்பப் பழசு, யாரும் கேட்க மாட்டார்கள்’ என்பதை அனுமதிக் கணக்கில் சேர்க்க முடியாது.

படி 1: கைவிட்டாரா, திரும்பப் பெற்றாரா?

இரண்டும் ஒன்றல்ல. மாடின் பதிவிறக்கப் பக்கம் அப்படியே இருந்து புதிய பதிப்பு மட்டும் வராமல் இருந்தால் அது கைவிடப்பட்டது. உருவாக்கியவரே பக்கத்தை மறைத்திருந்தால், அவர் வேண்டாமென்று எடுத்துக்கொண்டார் என்று பொருள். பிறரிடம் மிஞ்சியிருக்கும் பிரதியை வாங்கி ஏற்றுவது அவர் முடிவை மீறுவதாகும். திறந்த உரிமத்தில் (நிபந்தனையோடு பிறர் பயன்படுத்த விடும் உரிமம்) முன்பே வெளியிட்டிருந்தால் மட்டும் கதை வேறு: கிரியேட்டிவ் காமன்ஸ், ஜிபிஎல் 3 ஆகியவற்றில் ஒருமுறை கொடுத்த அனுமதியை, நிபந்தனைகளைப் பின்பற்றுபவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது.

படி 2: அனுமதி எழுதப்பட்ட இடத்தைப் படியுங்கள்

மாட்களைப் பகிரும் நெக்ஸஸ் மாட்ஸ் தளத்தில் மாட் விவரத்துக்குக் கீழே அனுமதிகளும் நன்றிகளும் என்ற மடிப்பு உண்டு. விரித்தால் தனித்தனி வரிகள் வரும்: வேறு தளத்தில் ஏற்றலாமா, திருத்தி வெளியிடலாமா, வேறு கேமுக்கு மாற்றலாமா, உள்ளிருக்கும் படங்களையும் மாடல்களையும் எடுத்துப் பயன்படுத்தலாமா, நன்கொடைப் புள்ளி (பதிவிறக்கத்துக்கு ஏற்பத் தளம் தரும் வெகுமதி) ஈட்டலாமா. தொடக்கக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். ‘திருத்தலாம்’ என்றிருப்பதைப் பார்த்துவிட்டு வேறு கேமுக்கு மாற்றிவிடுவார்கள். மூன்றாவது வரியில் ‘எந்தச் சூழ்நிலையிலும் கூடாது’ என்று இருக்கும். ஒவ்வொரு வரியும் தனி அனுமதி. கீழே உருவாக்கியவர் கைப்பட எழுதிய குறிப்பு இருந்தால் அதையும் கடைசி வரை படியுங்கள்.

மாட்ரிந்த், கர்ஸ்ஃபோர்ஜ் தளங்களில் உரிமத்தின் பெயர் பக்க ஓரத்திலேயே இருக்கும். கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் லைசென்ஸ் என்ற கோப்பைத் தேடுங்கள். அது இல்லையென்றால் எல்லா உரிமையும் உருவாக்கியவருக்கே. கோட் எல்லோர் கண்ணிலும் படுகிறது, தளத்துக்குள் ஃபோர்க் (தன் கணக்கில் நகல்) செய்யவும் முடிகிறது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. ஸ்டீம் ஒர்க்‌ஷாப் மாட்களுக்கு விளக்கத்தையும், மாட் ஃபோல்டருக்குள் இருக்கும் உரைக் கோப்புகளையும் பாருங்கள். ‘நான் இத்தனை நாள் பதில் சொல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தொடரலாம்’ என்று சிலர் அங்கே எழுதி வைத்திருப்பார்கள். பாதி வேலை முடிந்தது!

கண்டதைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கம் நாளை மாறலாம்.

உரிமங்களைச் சுருக்கமாகச் சொன்னால்: எம்ஐடி என்றால் பதிப்புரிமைக் குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு எதுவும் செய்யலாம். ஜிபிஎல் என்றால் உங்கள் பதிப்பும் ஜிபிஎல், மூலக் கோடையும் தர வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸில் என்டி என்ற எழுத்துகள் இருந்தால் திருத்தியதைப் பகிரக் கூடாது. என்சி என்றால் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது.

படி 3: மாடைப் பிரித்துப் பாருங்கள்

மாட் என்பது ஒரே பொருள் அல்ல. ஒரு குதிரைச் சேணம் மாடைத் திறந்தால் உள்ளே பிளகின் (கேமுக்கு மாற்றங்களைச் சொல்லும் கோப்பு), சேணத்தின் 3டி மாடல், தோல் டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்), மணியோசை, வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பு என ஐந்து பொருள்கள் இருக்கலாம். ஒவ்வொன்றையும் யார் செய்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாடல் இன்னொரு மாடிலிருந்து ‘அனுமதியோடு’ வந்தது என்று நன்றிப் பட்டியலில் இருந்தால், அந்த அனுமதி அவருக்குக் கிடைத்தது, உங்களுக்கு அல்ல. மாடலைச் செய்தவரிடம் நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும். மணியோசை வேறொரு கேமிலிருந்து உருவப்பட்டது என்றால், மாடை உருவாக்கியவரே சம்மதித்தாலும் பயனில்லை; அது அவருடையதே அல்ல. அந்த ஒலியை மட்டும் தூக்கிவிட்டு வேறு போடுங்கள்.

படி 4: கேளுங்கள்

தளத்தின் தனிச்செய்தி, கிட்ஹப் இஷ்யூ (குறைகளைப் பதியும் பகுதி), அவரே கொடுத்திருக்கும் தொடர்பு வழி, இவற்றில் இரண்டு இடங்களிலாவது எழுதுங்கள். அவர் ஓய்வாகப் படிக்க மாட்டார், ஆகவே ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம்:

‘வணக்கம். உங்கள் சேணம் மாடின் 1.4.1 பதிப்பு புதிய கேமில் திறக்கவில்லை. பிளகினை மட்டும் திருத்தி, இதே தளத்தில், இலவசமாக, உங்கள் பெயரையும் மூலப் பக்கத்தின் சுட்டியையும் போட்டு வெளியிட அனுமதிப்பீர்களா? மாடலும் டெக்ஸ்சரும் மாறாது. நீங்கள் எப்போது சொன்னாலும் எடுத்துவிடுகிறேன்.’

எந்தப் பதிப்பு, எதை மாற்றுவீர்கள், எங்கே வெளியிடுவீர்கள், பணம் உண்டா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ‘உங்கள் மாடைப் பயன்படுத்தலாமா?’ என்று மொட்டையாகக் கேட்டால், ‘சரி’ என்று பதில் வந்தாலும் எதற்குச் சரி என்று பிறகு தகராறு வரும். மூன்று நான்கு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் நச்சரிக்க வேண்டாம். மௌனம் சம்மதம் என்ற பழமொழி இங்கே செல்லாது.

படி 5: பதில் வராவிட்டால் ஒட்டுப்போடுங்கள்

பலருக்கு இந்த வழி தெரிவதில்லை. மூல மாடை ஏற்றாமல், உங்கள் திருத்தத்தை மட்டும் ஒட்டாக (பேட்ச்) ஏற்றுவது. விளையாடுபவர் மூலத்தை அதன் பக்கத்திலிருந்தே இறக்கிக்கொண்டு, மேலே உங்கள் பேட்சை நிறுவுவார்.

ஸ்கைரிம் போன்ற கேம்களில் எக்ஸ்எடிட் கருவியில் தேவையான பதிவுகளை (ரெகார்டுகளை) மட்டும், மூலத்தை மீறிச் செல்லும் ஓவர்ரைடாகப் புதிய பிளகினுக்கு நகலெடுக்கலாம். மூலப் பிளகின் தானாக மாஸ்டர் பட்டியலில் (இயங்கத் தேவையான கோப்புகளின் பட்டியல்) சேரும். அது இல்லாமல் ஓட்டினால் தொடக்கத்திலேயே கேம் விழுந்துவிடும், ஆகவே தேவைகள் பகுதியில் மூலத்தைத் தவறாமல் குறிப்பிடுங்கள். 2011 பதிப்பின் பிளகினை ஸ்பெஷல் எடிஷனுக்குக் கொண்டுவருவதுதான் வேலை என்றால், அந்த எடிஷனின் கிரியேஷன் கிட் என்ற எடிட்டரில் திறந்து சேமித்தாலே ஃபார்ம் 43 என்ற பிளகின் வடிவ எண் 44 ஆகிவிடும். இதைச் செய்யும் முறையை எழுதிக் கொடுத்தால் போதும், கோப்பே தேவையில்லை.

மற்ற கோப்புகளுக்கு எக்ஸ்டெல்டா என்ற கருவி உதவும். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சிறு கோப்பாக்கும். ஜிப் போலச் சுருக்கிய கோப்பின் மேல் நேராக ஓட்டாதீர்கள். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் சுருக்கிய பிறகு அதற்கு அப்புறம் உள்ள பைட்டுகள் மாறிவிடும், பேட்ச் வீங்கிப்போகும். முதலில் விரித்து, உள்கோப்புக்குத் தனித்தனியாக எடுங்கள். மூலத்தின் பதிப்பு எண்ணையும் ஹாஷ் மதிப்பையும் (கோப்பை அடையாளம் காட்டும் எண்) எழுதுங்கள். வேறு பதிப்பின் மேல் அது ஒட்டாது.

பேட்சும் சரிவராதென்றால் மாடின் யோசனையை மட்டும் எடுத்து, கோடையும் படங்களையும் முதலிலிருந்து நீங்களே செய்யுங்கள். பழைய கோடை டிகம்பைல் செய்து (ஓடும் கோப்பிலிருந்து மீட்டு) பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் அது புதிது ஆகாது.

படி 6: வெளியிடும்போது

அனுமதி கையில் இருந்தாலும் மூலத்தோடு குழம்பாதபடி வெளியிட வேண்டும். இதில் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு வழக்கம். ஸ்டார்டியூ வேலியில் மாடின் தனி ஐடியை மாற்றாமல், பதிப்பு எண்ணை மட்டும் மாற்றுவார்கள். மூலம் 1.4.1 என்றால் உங்களுடையது ‘1.4.2-அன்அஃபிஷியல்.1-உங்கள் பெயர்’. எண் வரிசையில் இது 1.4.1-க்கு மேலும் 1.4.2-க்குக் கீழும் நிற்கும். உருவாக்கியவர் திரும்பி வந்து 1.4.2 வெளியிட்டால் அதுவே புதியதாகத் தெரியும்.

ரிம்வேர்ல்டில் தொடர்ச்சி மாடுக்குப் புதிய பேக்கேஜ் ஐடி (மாடின் அடையாளப் பெயர்) கொடுப்பது வழக்கம். பழைய ஐடியை ஒவ்வாத மாட் பட்டியலில் சேருங்கள். இரண்டையும் ஒருசேரப் போட்டால் மோதும். பழைய ஐடியைத் தேடும் சார்பு மாட்கள் உங்களுடையதைக் கண்டுகொள்ளாமல் போகலாம் என்பதை விளக்கத்தில் சொல்லுங்கள். அபவுட் ஃபோல்டரில் இருக்கும் பப்ளிஷ்ட்ஃபைல்ஐடி கோப்பை ஏற்றும் முன் அழியுங்கள். அது மூல மாடின் ஒர்க்‌ஷாப் எண். விட்டுவைத்தால் அவருடைய பக்கத்தைப் புதுப்பிக்க முயன்று ஏற்றம் தோற்றுவிடும்.

விளக்கத்தின் முதல் பத்தியிலேயே மூல ஆசிரியர் பெயர், மூலச் சுட்டி, அனுமதி எப்படிக் கிடைத்தது, நீங்கள் மாற்றியது என்ன என்று எழுதுங்கள். நன்கொடைப் பொத்தானுக்குத் தனி அனுமதி இல்லையென்றால் அதை அணைத்துவிடுங்கள்.

படி 7: அவர் திரும்பி வந்தால்

‘எடுத்துவிடு’ என்றால், வாக்குக் கொடுத்தபடி அன்றே பக்கத்தை மறைத்துவிட்டுப் பிறகு பேசுங்கள். ‘நானே தொடர்கிறேன்’ என்றால் உங்கள் மாற்றங்களை ஒரு கோப்பாக அவரிடம் கொடுத்து, உங்கள் பக்கத்தில் அவருடைய பக்கத்தின் சுட்டியைப் போடுங்கள். சேவ் கோப்பு பாழாகாமல் மாறிக்கொள்ள எந்தப் பதிப்பிலிருந்து எதற்குத் தாவ வேண்டும் என்று ஒரு வரி எழுதினால், விளையாடுபவர்களின் பாதிக் கேள்விகள் அங்கேயே தீரும்.