பைன் மரத்தடி வண்டு எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

அட்லாண்டா பக்கம் வீடு வாங்கிய நம்மவர்களுக்குக் கொல்லையில் ஒரு லாப்லாலி பைனாவது இருக்கும். அதன் அடியில் வண்டு கிடந்தால் மருந்தடிக்க ஆளைக் கூப்பிடும் முன், அது எந்த வண்டு என்று பாருங்கள். சில வண்டுகள் மரத்தையே கொன்றுவிடும். சில, ஏற்கெனவே சாகிற மரத்தைத் தேடி வருபவை. மரத்தைக் காப்பாற்றுகிற வண்டும் உண்டு. எங்கள் வீட்டு மரத்தில் பார்த்துப் பழகிய முறை இது.

படி 1: அளந்து பாருங்கள்

வெள்ளைத் தாளில் போட்டுப் பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். 5 முதல் 8 மி.மீ., கறுப்பு என்றால் பெரும்பாலும் பிளாக் டர்பன்டைன் வண்டு. உடலைவிட நீண்ட மீசையோடு பெரிதாக இருந்தால் சாயர் வண்டு. நலிந்த மரத்துக்குத்தான் வரும். 2 முதல் 4 மி.மீ. என்றால் சதர்ன் பைன் வண்டாக இருக்கலாம், இப்ஸ் வண்டாகவும் இருக்கலாம். படி 3 அதற்காகத்தான்.

படி 2: மரத்தைப் பாருங்கள்

தரையிலிருந்து ஏழெட்டு அடிக்குள் மட்டும் பெரிய பெரிய பிசின் கட்டிகள் இருந்தால் அது டர்பன்டைன் வண்டின் வேலை. பட்டை இடுக்கில் செம்பழுப்புத் தூள் இருந்தால் சதர்ன் பைன் அல்லது இப்ஸ். வெள்ளைத் தூள் என்றால் அம்ப்ரோசியா வண்டு மரத்துக்குள்ளேயே போய்விட்டது. அந்த மரம் ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிறது.

படி 3: பின்புறத்தைப் பாருங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான். மேலிருந்து பார்த்தால் சதர்ன் பைன் வண்டு, இப்ஸ் இரண்டும் ஒரே மாதிரி பழுப்பு உருளை. பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். இப்ஸின் பின்முனை ஸ்பூனால் வழித்தெடுத்த மாதிரி குழிந்திருக்கும், குழியின் இரு ஓரத்திலும் முட்கள் இருக்கும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் மூன்று இப்ஸ் இனங்களில் பக்கத்துக்கு நான்கு, ஐந்து, ஆறு முட்கள். சதர்ன் பைன் வண்டுக்குக் குழியும் இல்லை, முள்ளும் இல்லை, பின்முனை உருண்டிருக்கும்.

குழிக்குள் தூளும் பிசினும் அடைத்திருந்தால் முள் தெரியாது. ரப்பிங் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கத்திலிருந்து அடியுங்கள். இன்னும் சந்தேகமா? மேலிருந்து தலையைப் பாருங்கள். இப்ஸின் தலை முன்முதுகுக்கு அடியில் மறைந்திருக்கும், சதர்ன் பைனுக்கு வெளியே தெரியும்.

போனில் மாட்டும் லென்ஸ் வேண்டாம், 10 மடங்கு கைலென்ஸ் வாங்குங்கள். போன் கொஞ்சம் ஆடினாலும் முட்கள் மங்கிவிடும். அடையாளம் சொல்லும் ஆப்களும் இந்த அளவு வண்டுக்கு உதவாது.

வண்டே கிடைக்கவில்லையா? செத்த மரத்தில் தளர்ந்த பட்டையை உரியுங்கள். எஸ் எழுத்தாக வளைந்து பின்னிய தடங்கள் சதர்ன் பைன். ஒய், எச் போல நேராகக் கிளைத்தவை இப்ஸ். இடி விழுந்த மரம், வறட்சியில் வாடிய மரம், வீடு கட்டும்போது வேர் அறுபட்ட மரம் ஆகியவற்றுக்குத்தான் இப்ஸ் முதலில் வரும். சதர்ன் பைன் வண்டு என்றால் தாமதிக்காதீர்கள். அடுத்தடுத்த மரங்களுக்குத் தாவும்.

அப்புறம், எறும்பு மாதிரி வேகமாக ஓடும், முன்பக்கம் சிவந்து, முதுகில் வெள்ளைக் கோடு போட்ட வண்டைத் தயவுசெய்து கொல்லாதீர்கள். அது செக்கர்டு வண்டு. சதர்ன் பைன் வண்டைப் பிடித்துத் தின்பது.

பிற்சேர்க்கை: மாசசூசெட்ஸ் வாசகர் ஒருவர், நீள மீசை வண்டைப் பார்த்து ஆசியாவிலிருந்து வந்து மரங்களைக் கொல்லும் ஆசிய லாங்ஹார்ன் வண்டு என்று பயந்துவிட்டார். 2008-இல் அங்கே வூஸ்டரில் அது பிடிபட்டதால் பயம் நியாயம்தான். இரண்டு இறக்கைகளும் தொடங்கும் இடத்தில், நடுவில், ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் அது உள்ளூர் சாயர். ஆசிய வண்டுக்கு அந்த இடம் கறுப்பு. அது தேடுவதும் மேப்பிள் போன்ற மரங்களை, பைனை அல்ல.

இன்னொன்று: கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்துக்கு (உள்ளூர் வேளாண் ஆலோசனை அலுவலகம்) வண்டைக் கொண்டுபோகும்போது செலோ டேப்பில் ஒட்டாதீர்கள், பிய்த்தெடுக்கும்போது முட்கள் உடையும். சின்னக் குப்பியில் ஆல்கஹால் ஊற்றிப் போட்டு, தேதி, மரம், எத்தனை அடி உயரத்தில் எடுத்தது என்று பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.