நீர்த்தேக்கக் கரையில் செம்மறியாடுகளைப் படம் எடுக்க

நீர்த்தேக்கக் கரையில் நடக்கும்போது செம்மறியாடுகள் கண்ணில் பட்டால் நேராக அவற்றை நோக்கிப் போகாதீர்கள். ஆட்டின் கண்மணி கிடைமட்டமாக நீண்டது. தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட பின்பக்கம் வரை பார்த்துவிடும். பதுங்கிப் போவதெல்லாம் வீண். சற்றுத் தள்ளிப் பேசாமல் உட்கார்ந்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அவை மறுபடி மேயத் தொடங்கும், ஒன்றிரண்டு மட்டும் தலைதூக்கிப் பார்க்கும். அதுதான் படம்! உட்கார்ந்தால் கேமராவும் ஆட்டின் கண்மட்டத்துக்கு வந்துவிடும். நின்றபடி எடுத்தால் முதுகுதான் கிடைக்கும்.

வெள்ளைக் கம்பளிதான் பெரிய தொல்லை. அடர்பச்சைப் புல்வெளியில் ஆடு சின்னதாக நின்றால், கேமரா புல்லை நம்பி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஆடு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். போனில் ஆட்டின் மேல் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, மைனஸ் 0.7 அளவில் வைத்துப் பாருங்கள். படம் முழுக்க ஆடே நிறைந்தால் நேர்மாறு, கூட்ட வேண்டும். ஷட்டர் வேகம் 1/250 நொடி இருந்தால் நல்லது, மேயும் தலை ஆடிக்கொண்டே இருக்கும்.

தண்ணீரில் மலையின் பிரதிபலிப்பு தெரிய வேண்டுமானால் காற்று கிளம்புமுன், விடியற்காலையில் போங்கள். லென்ஸில் போலரைசர் ஃபில்டர் (பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) போட்டிருந்தால் திருப்பிப் பாருங்கள்; சில கோணங்களில் அது பிரதிபலிப்பையே அழித்துவிடும். நான் ஒரு காலைப்பொழுதை அப்படித்தான் வீணடித்தேன்.

அப்புறம், குட்டிகளோடு இருக்கும் ஆடு முன்காலால் தரையைத் தட்டினால் அது எச்சரிக்கை. உடனே விலகிவிடுங்கள்.