சின்ன பி.எஃப். பென்ஷன்: எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் எஸ்டேட்டிலோ தேயிலை பேக்டரியிலோ இருபத்தைந்து, முப்பது வருடம் உழைத்தவர்கள் ஐம்பத்தாறு வயதைத் தாண்டியதும் கேட்கிற முதல் கேள்வி, "எனக்கு பென்ஷன் எவ்வளவுங்க வரும்?" என்பதுதான். பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் ஆயிரம்தான் என்பார், அடுத்தவர் ஐயாயிரத்துக்குக் குறையாது என்பார். இரண்டையும் கேட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறவர்கள் நிறைய.

கணக்கு கடினமில்லை. பெருக்கலும் வகுத்தலும் போதும். ஆனால் வேலையில் இருக்கும்போதே போட்டுப் பார்க்க வேண்டும், பென்ஷன் வயதான 58 முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே என்றால் ரொம்ப நல்லது. பதிவில் தப்பு இருந்தால், பழைய கணக்குகளில் பெரும்பாலும் கம்பெனி ஒப்புதல் இல்லாமல் திருத்த முடியாது. வேலையை விட்ட பிறகு, அதுவும் பேக்டரி கை மாறியோ மூடியோ போயிருந்தால், ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும்.

நான் சொல்வது 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் பற்றி. சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிற தனியார் எஸ்டேட், பேக்டரி, ஓட்டல், பள்ளி எல்லாவற்றுக்கும் இதுதான். அரசுப் பணி பென்ஷனுக்கு இது பொருந்தாது.

படி 1: பாஸ்புக்கை எடுங்கள்

சம்பளச் சீட்டில் யு.ஏ.என். என்று பன்னிரண்டு இலக்க எண் இருக்கும். அதை வைத்து உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறக்கலாம். கைப்பேசி பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்திலோ, வீட்டுப் பிள்ளைகளிடமோ சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. வரும் என்பதால் உங்கள் கைப்பேசியும் உங்களோடு இருக்கட்டும்.

பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று தொகை இருக்கும்: உங்கள் பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன் பங்கு. முதல் இரண்டும் கடைசியில் மொத்தமாகக் கைக்கு வருகிற பணம். மூன்றாவது மட்டும்தான் பென்ஷனுக்குப் போவது. அது சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே அந்தத் தொகையை 12-ஆல் பெருக்கினால், அந்த மாதம் உங்கள் சம்பளம் என்று கம்பெனி எவ்வளவு காட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். 1,000 ரூபாய் இருந்தால் சம்பளம் 12,000. அதிகபட்சம் 1,250தான் போகும், ஏனென்றால் பென்ஷனுக்கான சம்பள உச்சவரம்பு 15,000.

ஒரு வருடத்துப் பக்கத்தை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். மே, ஜூனில் 1,000 என்றிருப்பது ஜனவரியில் 600, 550 என்று இறங்கியிருக்கலாம். உறைபனி விழுந்து கொழுந்து கருகுகிற மாதங்களில் வேலை நாள் குறையும், சம்பளமும் குறையும். அடுத்த படிக்கு இது முக்கியம்.

படி 2: எத்தனை வருடம் பதிவாகியிருக்கிறது?

பி.எஃப். தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரி என்று ஒரு பக்கம் உண்டு. பென்ஷன் திட்டத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் அதில் இருக்கும். இங்கே மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

சேர்ந்த தேதி சரியா? பேக்டரி வேறு முதலாளிக்குப் போனபோது புது எண் போட்டிருப்பார்கள், பழைய எண்ணில் இருந்த பத்து வருடம் தனியாகக் கிடக்கும். இரண்டையும் சேர்க்க டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் போட வேண்டும். சும்மா விட்டால் அந்தப் பத்து வருடம் கணக்கில் வராது. பழைய பி.எஃப். சீட்டு, வேலைச் சேர்ப்புக் கடிதம், பழைய சம்பளச் சீட்டு எது பெட்டியில் கிடந்தாலும் தேடி எடுத்து வையுங்கள்.

அடுத்தது, சம்பளமில்லா நாட்கள். செக்ரோலில் (எஸ்டேட் வருகைப் பதிவேட்டில்) பேர் விழாத நாட்களைக் கம்பெனி பி.எஃப். கணக்கில் தனியாகக் காட்டும், அந்த நாட்கள் சர்வீஸில் கழியும். வருடத்துக்கு 30 நாள் என்று பன்னிரண்டு வருடம் சேர்ந்தால் 360 நாள், கிட்டத்தட்ட ஒரு வருட சர்வீஸ். உண்மையிலேயே வேலை இல்லாத நாள் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சம்பளத்தோடு கூடிய லீவும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஆபீஸ் கிளார்க்கிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

கடைசியாக, பத்து வருடம். அது இல்லாவிட்டால் மாதப் பென்ஷன் கிடையாது. ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள், எனவே ஒன்பதரை வருடம் பத்தாகிவிடும். ஒன்பது வருடம் நாலு மாதத்தில் வேலையை விட நினைப்பவர் இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவது எவ்வளவு நல்லது என்று பாருங்கள்.

படி 3: கணக்கு

எல்லோரும் சொல்கிற சூத்திரம் இது: சர்வீஸ் வருடத்தைச் சராசரிச் சம்பளத்தால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். சராசரி என்பது கடைசி 60 மாதத்துச் சம்பளத்துக்கு. சூத்திரம் சரிதான். ஆனால் அதை அப்படியே போட்டால் தொகை கூடுதலாகக் காட்டும், பிறகு ஏமாற்றமாக இருக்கும்.

காரணம், 2014 செப்டம்பர் 1. அதற்கு முன்பு உச்சவரம்பு 6,500 ரூபாய். அன்றைக்கு முன்பு செய்த வருடங்களுக்கு, உங்கள் சராசரி எவ்வளவு இருந்தாலும், 6,500-க்கு மேல் எடுக்க மாட்டார்கள். அதற்குப் பிந்தைய வருடங்களுக்குத்தான் 15,000 வரை. ஆகவே சர்வீஸை இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும்.

ஓர் உதாரணம். 1997 செப்டம்பர் 1-இல் சேர்ந்து 2026 ஆகஸ்ட் 31-இல் 58 முடிக்கிறார் ஓர் அக்கா. சராசரிச் சம்பளம் 12,000. கழிவு நாள் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

2014-க்கு முன் 17 வருடம்: 17 × 6,500 ÷ 70 = 1,579 ரூபாய்.
2014-க்குப் பின் 12 வருடம்: 12 × 12,000 ÷ 70 = 2,057 ரூபாய்.
இரண்டும் சேர்ந்து 3,636.

இருபது வருடம் முடித்து 58-இல் ஓய்வு பெறுபவருக்கு இரண்டு வருடம் போனஸாகச் சேரும். அதை 6,500-இல் போட்டால் 186, 12,000-இல் போட்டால் 343. ஆக 3,800-இலிருந்து 3,980-க்குள் எதிர்பார்க்கலாம்.

பிரிக்காமல் 31 × 12,000 ÷ 70 என்று போட்டிருந்தால் 5,314 வந்திருக்கும். டீக்கடையில் கேட்ட ஐயாயிரம் இப்படி வந்ததுதான். ஆயிரம் என்பதோ குறைந்தபட்ச பென்ஷன், 2014 செப்டம்பரிலிருந்து உள்ளது. கணக்கு அதற்குக் கீழே போகிறவர்களுக்குத்தான் அது.

இந்தப் பென்ஷன் விலைவாசியோடு சேர்ந்து ஏறாது. அகவிலைப்படி கிடையாது. முப்பது வருடம் மழையிலும் பனியிலும் நின்றவர்களுக்கு இது போதாது என்பதே என் எண்ணம், உயர்த்தக் கேட்டுப் போராடுகிறவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அது நடக்கும்வரை இருக்கிற தொகையை வைத்துத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

படி 4: பெயரும் பிறந்த தேதியும்

ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் ஒரு பெயர் என்றால் விண்ணப்பம் நின்றுவிடும். செல்லம்மா, செல்லம்மாள் என்கிற ஓர் எழுத்து போதும். அப்பா இனிஷியலா கணவர் இனிஷியலா என்பதும் இதே வகைச் சிக்கல்தான். ஆதார், பி.எஃப்., வங்கி பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நீங்களும் கம்பெனியும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி விண்ணப்பம் போட வேண்டும்.

நீலகிரிக்கு பி.எஃப். அலுவலகம் கோயம்புத்தூர். ஆனால் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடத்துகிறார்கள், அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். இந்த மாதம் எங்கே என்று முன்கூட்டியே விசாரித்துப் போனால் மலை இறங்குகிற செலவு மிச்சம்.

நாமினியையும் அப்படியே பார்த்துவிடுங்கள். பென்ஷன் வாங்குபவர் இறந்தால் கணவருக்கோ மனைவிக்கோ பாதித் தொகை வரும்.

படி 5: எப்போது வாங்குவது?

50 வயதிலிருந்தே வாங்கலாம். ஆனால் 58-க்கு எத்தனை வருடம் குறைகிறதோ, வருடத்துக்கு 4 சதவீதம் வெட்டு, 58 ஆனதும் அது நிமிராது. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று அவசரப்பட்டு இதில் கை வைக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. வேறு வழி இருந்தால் தயவுசெய்து வேண்டாம். மாறாக 60 வரை தள்ளிப் போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். 58-க்குப் பிறகும் அதே வேலையில் இருந்தாலும் பென்ஷன் வாங்கத் தடையில்லை.

படி 6: கிராஜுட்டியைச் சேர்த்துப் பாருங்கள்

பென்ஷனை மட்டும் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். கிராஜுட்டி என்பது வேலையை விடும்போது முதலாளி மொத்தமாகக் கொடுக்கிற பணிக்கொடை. அதன் கணக்கு: கடைசிச் சம்பளம் × 15 ÷ 26 × வருடம். அதே அக்காவின் கடைசிச் சம்பளமும் 12,000 என்றால், 29 வருடத்துக்கு 2,00,769 ரூபாய். ஓய்வு பெற்ற 30 நாளுக்குள் முதலாளி கொடுக்க வேண்டும்.

அதில் 2 லட்சத்தைத் தபால் நிலையத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் என்ன வரும்? வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்ந்தது, அந்த விகிதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 4,100 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 1,367. பென்ஷனோடு சேர்த்தால் 5,100-ஐத் தாண்டுகிறது. போடும் அன்றைய வட்டியைத் தபால் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக 60 வயது ஆக வேண்டும் என்றாலும், 55 முடிந்து ஓய்வு பெற்றவர்கள், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். பி.எஃப். பணத்தையும் இதில் போடலாம்.

படி 7: விண்ணப்பம், அப்புறம் வருடாவருடம் ஒரு வேலை

பென்ஷனுக்கு 10டி படிவம். ஆதார், வங்கி பாஸ்புக், கணவன் மனைவி சேர்ந்த புகைப்படம், பிள்ளைகள் விவரம் தயாராக இருக்கட்டும். 2025 ஜனவரியிலிருந்து நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாம், அதனால் திருப்பூரில் மகனோடு போய் இருந்தாலும் சிக்கலில்லை.

வருடத்துக்கு ஒருமுறை உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். கொழுந்து பறித்துப் பறித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாமல் போவது இங்கே சகஜம். மிஷினில் நாலு முறை வைத்தும் எடுக்கவில்லை என்றால் கலங்காதீர்கள், முகத்தைக் காட்டிப் பதிவு செய்கிற வசதி 2022 ஜூலையிலிருந்து உண்டு. நடக்க முடியாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுப்பார்.